நெய்க்காரப்பட்டியில் பார்த்த கப்பல்

திண்டுக்கல்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய பெரியகருப்பன் மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை பொன்னழகின் மகள் அறிவுச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் ரத்த அழுத்தம் மட்டும் முன்னே பின்னே இருக்கிறது. நாக்பூரில் நீங்களும் அத்தையும் முறுக்குக் கம்பெனியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுகிறோம்.

முதலில் ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நெய்க்காரப்பட்டியில் நான் ‘சம்மதம்’ என்று சொல்லவில்லை. ‘சம்மதமில்லை’ என்றும் சொல்லவில்லை. ‘காபி போதும்’ என்றுகூடச் சொல்லவில்லை. அதனால் இரண்டு டம்ளர் குடிக்க நேர்ந்தது. ஆகவே, “அந்தப் புள்ளயே தலையாட்டிருச்சாம்ல” என்று நீங்கள் அம்மாவிடம் போனில் கேட்டது சரியான தகவல் இல்லை. என் தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அசைந்தது பூவாக இருக்கலாம்.

இந்தக் கடிதம் அப்பா எழுதச் சொல்லி எழுதுவது. போனில் பேசலாம்தான். ஆனால் நீங்களும் அப்பாவும் போனில் பேசினால், நலம் விசாரித்து முடிப்பதற்குள் தீபா அக்கா கல்யாணப் பந்தியில் யார் முதலில் எழுந்து போனது என்ற விஷயத்துக்கு வந்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அம்மா அதைக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவாள். “லெட்டராவே எழுது. தபால்ல போயிச் சேரறதுக்குள்ள ஒங்க மாமனுக்குக் கோவம் அளவா எறங்கிருக்கும். மொத்தமாவும் எறங்கிறக் கூடாது, நமக்கு அது வேணும்” என்றார். எதற்கு வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

வரன் விவரம் உங்களுக்கு அரைகுறையாகத்தான் வந்திருக்கும். பெயர் ஈஸ்வரன். பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டி. தகப்பனார் இல்லை. அம்மா கண்ணம்மாள், தென்னந்தோப்பைத் தானே பார்த்துக்கொள்கிறார். மாப்பிள்ளைக்குக் கப்பலில் எலெக்ட்ரிக்கல் ஆபீசர் வேலை. கப்பல் என்றால் எண்ணெய்க் கப்பலோ சரக்குக் கப்பலோ இல்லை. ஐரோப்பாவின் வடக்கு ஓரத்தில் இரண்டு நாடுகளுக்கு நடுவே, ஆட்களையும் அவர்களுடைய கார், லாரி, பஸ்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் கிளம்பி, விடிந்ததும் அக்கரையில் இறக்கிவிடும் கப்பல். மறுபடி சாயங்காலம் இக்கரைக்குக் கிளம்பும். பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா இதைக் கேட்டு முதலில் நிம்மதிதான் அடைந்தார். “அப்ப ரூட் வண்டி. டெய்லி ட்ரிப்பு. பரவாயில்ல” என்றார்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும் பேச்சு வந்தபோதுதான் சிக்கல். நெய்க்காரப்பட்டி வீட்டைப் பார்த்தால் போதும் என்றாள் அம்மா. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “மாப்ள வருசத்துல எட்டு மாசம் எங்க இருக்காரு? கப்பல்ல. அப்ப எது மாப்ள வீடு? கப்பலு. நெய்க்காரப்பட்டியில இருக்கறது அவங்க அம்மா வீடு. அதப் பாத்துட்டுப் பொண்ணக் குடுக்க நான் என்ன கிறுக்கனா?” என்றார். இதை எங்களிடம் சொன்னதோடு நிற்கவில்லை. எதிர் வீட்டு ஐரின் டீச்சரிடம் சொன்னார், பால்காரரிடம் சொன்னார், போன் போட்டுக் கண்ணம்மாளிடமே சொன்னார். அவர், “சரிங்க, ஒங்க இஷ்டமுங்க. கப்பல்தான் வீடுன்னா கப்பலையே பாத்துருங்க. பையனப் போன்ல காட்டச் சொல்றேன்” என்றார். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் மாமா. பின்னால் வருகிறது.

அதற்கு முன்பு கப்பலின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. “காலேஜ் லைப்ரரியில சம்பளம் வாங்குறல்ல, ஆர்.சி. புக்கு மாதிரி அதுக்கும் ஏதாச்சும் இருக்கும், தேடு” என்றார். தேடினேன். எந்தக் கப்பல் எங்கே பிறந்து யார் கைக்குப் போனது என்று எழுதி வைப்பதையே பொழுதாகக் கொண்டவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். நம் கப்பல் 1986-இல் ஏதோ ஓர் இளவரசியின் பெயரோடு கடலில் இறங்கியிருக்கிறது. இறக்கிய கம்பெனி நொடித்துப்போனது. அடுத்து வாங்கியவர் அதைத் தெற்கே வெயில் கடலுக்குக் கொண்டுபோய், ராணி என்று பதவி உயர்வு கொடுத்து, வெள்ளை பெயின்ட் அடித்து ஓட்டினார். அவருக்கும் கட்டுப்படியாகவில்லை. அடுத்து வாங்கிய மூன்றாவது கம்பெனி, உள்ளே போதிய இடம் இல்லை என்று, கப்பலை நடுவில் இரண்டாக அறுத்து, புதிதாக ஒரு துண்டைச் செய்து நடுவில் வைத்து ஒட்டி நீளமாக்கியது. அப்படி நீளமாக்கிய பிறகு கூட்டம் வரவில்லை. கொஞ்ச காலம் ஒரு துறைமுகத்தில் கட்டிப்போட்டு, வேலையாட்கள் தங்கும் லாட்ஜாக வைத்திருந்தார்கள். நான்காவதாக இப்போதைய கம்பெனி வாங்கி இன்ஜினை மாற்றி ‘ஐரின்’ என்று பெயர் வைத்தது. இந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து அம்மா கப்பலைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுகிறாள்; ஐரின் டீச்சர் அவளுக்கு இரண்டு பேரிடம் சொல்லி ரேஷன் கார்டு வாங்கிக்கொடுத்தவர்.

அப்பா காகிதத்தை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார். “நாப்பது வருச வண்டி. நாலு கை மாறிருக்கு. கைக்கு ஒரு பேரு. எதுக்கு இம்புட்டுப் பேரு? போலீஸ் கேஸ் ஏதும் இருக்குமோ?” என்றார். அறுத்து ஒட்டிய இடத்துக்கு வந்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். “நடுவுல துண்டு வச்சுப் பத்த வச்ச வண்டிய என் சர்வீஸ்ல நான் டிப்போ கேட்டத் தாண்ட விட்டதில்ல.” அது உண்மைதான். அவருடைய டிப்போவுக்கு அப்படி ஒரு வண்டி வந்ததும் இல்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நம் குடும்பத்து வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரன் முடிவாகும் வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது. காபி குடிக்கலாம், பழம் தின்னலாம். உப்புப் போட்ட பண்டம் வாயில் பட்டால் முடிந்தது, சம்மதம் சொன்னதாக அர்த்தம். தீபா அக்காவுக்கு வரன் பார்க்கக் கன்னிவாடி போனபோது, அவர்கள் வைத்த மிக்சர் தட்டை நீங்கள் தோள் துண்டால் மூடிவைத்துவிட்டு, எங்கள் எல்லோரையும் பசியோடு பஸ் ஸ்டாண்டு வரை நடத்திக் கூட்டி வந்தீர்கள். அந்த ஒழுங்கை மனதில் வைத்து நாங்களும் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, “அங்க போயிப் பசின்னு ஒருத்தரும் பல்லக் காட்டக் கூடாது” என்று இன்னொரு முறை கொடுத்தாள்.

கண்ணம்மாளுக்கும் வழக்கம் தெரிந்திருந்தது. “வாங்க, உக்காருங்க. காப்பிதானுங்க, பயப்படாமக் குடிங்க” என்று காபியும் மலைவாழைப்பழமும் மட்டும்தான் வைத்தார். டீப்பாயில் ஏற்கெனவே ஒரு தகர டப்பா இருந்தது. மாப்பிள்ளையோடு வேலை பார்ப்பவர் லீவில் வரும்போது அவரிடம் கொடுத்துவிட்டது. கப்பலிலேயே இருக்கிற கடையில் வாங்கியதாம். மூடியில் கப்பல் படமும், பூப்பூவாக வெண்ணெய் பிஸ்கட்டுகளும், எனக்குத் தெரியாத ஒரு மொழியில் எழுத்தும் இருந்தன. “இனிப்பு பிஸ்கட்டுங்க. நான் இன்னும் தொட்டுக்கூடப் பாக்கல, டப்பா நல்லா இருக்குதுன்னு வச்சிருக்கறேன்” என்று அதையும் திறந்துவைத்தார்.

போனை டி.வி.யோடு இணைத்ததும் அதில் ஈஸ்வரன் வந்தார். ஆரஞ்சு நிறச் சட்டை, தலையில் ஹெல்மெட். “வணக்கமுங்க. மொதல்ல முன்னாடி கதவக் காட்றேனுங்க” என்றார். கப்பலின் மூக்கு முழுவதுமாக மெல்ல மேலே தூக்கிக்கொண்டது. உள்ளே இருந்து லாரி லாரியாக வந்தது.

“மூஞ்சியே தெறக்குதே தம்பி” என்றார் அப்பா.

“ஆமாங்க. வண்டியெல்லாம் ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் எறங்கிருமுங்க. ரிவர்ஸ் எடுக்க வேண்டியதில்ல.”

“நடுக்கடல்ல தெறந்துக்கிட்டா?”

“தெறக்காதுங்க. பூட்டு இருக்குது.”

“எந்த ஊரு பூட்டு?”

ஈஸ்வரன் சிரிக்கவில்லை. “உங்க ஊரு இல்லீங்க. ஆனா பூட்டுக்கு மேல இன்னொரு பூட்டு இருக்குதுங்க. உள்ளார இன்னொரு கதவும் இருக்குது. எல்லாம் பூட்டியாச்சுன்னா மேல லைட்டு எரியும். அந்த லைட்டு சரியா எரியுதான்னு பாக்கறதுதானுங்க என்ற வேல.”

“பல்பு போயிட்டா?”

“ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பல்புங்க.”

“ரெண்டும் போயிட்டா?”

“நானே எறங்கிப் போயிக் கதவத் தொட்டுப் பாத்துட்டு வருவேனுங்க.”

அப்பா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு வசதிகள். லாரிகளைத் தரையோடு சேர்த்துச் சங்கிலி போட்டுக் கட்டும் தளம். அப்பா, “இது நல்ல ஏற்பாடு” என்று ஒரு பிஸ்கட். ஜன்னல் உள்ள அறை, ஜன்னல் இல்லாத அறை, நாயோடு வருகிறவர்களுக்கு நாய்க்கும் சேர்த்து ஒரு அறை, நாய் காலாற நடக்க மேலே தனி இடம். “நாய்க்கு மொட்டமாடியா?” என்றாள் அம்மா. சின்னக் குழந்தைகள் குதிக்கக் கலர் பந்து நிரப்பிய தொட்டி. பிறகு மரப்பலகை அடித்த ஒரு சூடான அறை. அதில் உட்கார்ந்தால் வேர்க்கும் என்று மாப்பிள்ளை விளக்கினார். “வேர்க்கறதுக்குக் காசு குடுத்து உள்ள போறாங்களா?” என்று அம்மா கேட்டு, “சித்திரையில நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுங்க தம்பி, சும்மாவே உக்கார வைக்கிறேன்” என்றாள். ஒரு திருப்பத்தில் பயணிகள் படித்துவிட்டு விட்டுப்போன புத்தகங்களுக்கு ஓர் அலமாரி இருந்தது. கப்பல் ஆடினால் விழாதபடி ஒவ்வொரு தட்டுக்கும் குறுக்கே ஒரு மரச்சட்டம். அம்மா, “அடுப்படி எங்க தம்பி?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர், “இந்தா வந்தாச்சுங்க” என்று சொல்லிக்கொண்டே, தலைகீழாக நின்ற ஒரு புத்தகத்தை எடுத்து நேராக வைத்துவிட்டு நடந்தார். இது கடிதத்துக்குச் சம்பந்தமில்லாதது. வசதிகளில் ஒன்று விட்டுப்போகக் கூடாது என்று எழுதுகிறேன்.

சாப்பாட்டுக் கூடம் வந்தது. நீளமான மேஜையில் முப்பது நாற்பது தட்டு. அம்மா எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். “அம்புட்டும் மீனு, ரொட்டி, எல தழ. தொட்டுக்க ஒரு வெஞ்சனம்கூட இல்லையே” என்று அவள் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கும்போது, கண்ணம்மாள் துணைக்கு இருக்கட்டும் என்று தானும் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். கடித்தவர் அப்படியே நிறுத்தினார். அப்பாவைப் பார்த்தார்.

“ஏனுங்க, இது உப்பு பிஸ்கட்டுங்க.”

அப்பா வாயில் இருந்ததை விழுங்கினார். வேறு வழி இல்லை.

“எத்தன தின்னுப்போட்டீங்க?”

“நான் எங்கங்க தின்னேன். கதவப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

டப்பாவின் அடிக் காகிதம் தெரிந்தது. அம்மா சமாளிக்கப் பார்த்தாள். “தெரியாமத் தின்னதுதான. அதுவும் ஒங்க வீட்டு அடுப்புல செஞ்சதா என்ன? கப்பல்ல வித்த பிஸ்கட்டு. அது கணக்குல வராது” என்றாள்.

கண்ணம்மாள் சத்தம் போடவில்லை. பிஸ்கட் தூளை முந்தானையிலிருந்து தட்டிவிட்டு, “கப்பல்தானுங்களே மாப்ள வீடு? சம்பந்திதானே போன் போட்டுச் சொன்னாரு. நான் எங்கூட்டு அடுப்பச் சொல்லலீங்க, மாப்ள வீட்டு உப்பத்தான் சொல்றேன்” என்றார். அவர் அப்பாவைச் சம்பந்தி என்றது அதுதான் முதல் தடவை. அப்பா அதை மறுக்க முடியுமா மாமா? பால்காரர் வரைக்கும் சொல்லி வைத்த வார்த்தை.

டி.வி.யில் ஈஸ்வரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். “அம்மா, விட்ருங்க. தெரியாமத் தின்னதுக்கெல்லாம் பேசாதீங்க” என்றார். “உப்பு உப்புதான் ஈசு” என்றார் கண்ணம்மாள். ஈஸ்வரன், “சரி, அவங்களக் கேட்டீங்களா?” என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரத்தில் படம் நின்றுவிட்டது. அவருடைய வலது கை பாதி தூக்கியபடி டி.வி.யில் அப்படியே இருந்தது. கப்பல் முழுக்க இரும்பு, சில இடங்களில் சிக்னல் கிடைக்காது என்று பிறகு தெரிந்தது. கண்ணம்மாள், “நல்ல நேரம் முடியப் போகுது” என்று எனக்குப் பூ வைத்துவிட்டார். ஆகவே அந்தக் கேள்விக்கும் நான் அன்று பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அப்பா, “வண்டி சரியில்ல” என்றார். அதிலிருந்து தினமும் ஒரு காரணம் சேர்கிறது. நாற்பது வருசப் பழசு. நடுவில் ஒட்டுப்போட்டது. முகம் திறக்கிறது. பெயர் நிலைக்காத வண்டிக்கு இடம் எப்படி நிலைக்கும், நாளைக்கே ஐந்தாவது ஆளுக்கு விற்று வேறு கடலுக்குக் கொண்டுபோனால் இந்தப் பிள்ளை எங்கே போய் நிற்கும். இத்தனை வசதி செய்தவன் ஒரு பொங்கல், தீபாவளிக்கு ஊருக்கு வர லீவு கொடுப்பானா என்று பார்த்தால் அதற்கு ஒரு போர்டும் இல்லை.

ஆனால் உப்புத் தின்றவர் அவர் என்பதால் அவர் வாயால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் நீங்கள். தாய்மாமனைக் கேட்காமல் கை நனைத்தது செல்லாது, எனக்கு இதில் சம்மதமில்லை என்று நீங்கள் நெய்க்காரப்பட்டி விலாசத்துக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அப்பா கேட்டுக்கொள்கிறார். உங்களுக்கு இருக்கிற கோபத்தை வீணாக்காமல் அந்தக் கடிதத்திலேயே போட்டுவிடலாம் என்கிறார். விலாசம் தனித் தாளில் வைத்திருக்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். போன பார்சல் முறுக்கில் எள் கொஞ்சம் தூக்கல் என்று அம்மா சொல்லச் சொன்னாள், ஆனால் தீர்ந்துவிட்டது. பெரியவர்கள் நீங்கள் எங்கள் எல்லோர் தலையிலும் கை வைத்து ஆசீர்வதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகள்
அறிவுச்செல்வி

(மேலே கண்டது அனைத்தும் சரி. — முத்துக்கிருஷ்ணன்)

பி.கு.: அப்பா படித்துவிட்டு, “பாயிண்ட் எல்லாம் கரெக்டா வந்திருக்கு” என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. இது பின்பக்கம். டப்பா மூடியில் இருந்த மொழி எனக்குத் தெரியாது என்று எழுதியது உண்மை. பக்கவாட்டில் ஆங்கிலமும் இருந்தது. கடல் உப்புச் சேர்த்த வெண்ணெய் பிஸ்கட். எதிரில் அச்சடித்த எது இருந்தாலும் என்னால் படிக்காமல் இருக்க முடியாது. காபி வருவதற்கு முன்பே படித்துவிட்டேன். அப்பா முதல் பிஸ்கட்டை எடுத்தபோது சொல்ல நேரமில்லை. இரண்டாவதற்கு நேரம் இருந்தது. அந்தப் புத்தக அலமாரிக்குப் பிறகு சொல்லத் தோன்றவில்லை. ஈஸ்வரன் கேட்ட கேள்விக்குப் பதிலை, அம்மாவின் போனிலிருந்து எண்ணை எடுத்து மறுநாளே அனுப்பிவிட்டேன். ஒரே வார்த்தைதான். ஆகவே நெய்க்காரப்பட்டிக்கு நீங்கள் கடிதம் எதுவும் எழுத வேண்டாம் மாமா. அப்பாவுக்குப் பிரச்சினை கப்பல் இல்லை. நான் எந்த வண்டியில் ஏறிப் போனாலும் அதில் ஏதாவது ஒரு போல்ட் குறைந்துதான் இருக்கும்.

இன்னொரு பி.கு. (புதன்கிழமை): இதைத் தபாலில் போடும் முன்பே நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். “நேரா நெய்க்காரப்பட்டி போறேன். நாலு கேள்வி கேட்டுட்டு, முடிச்சுவிட்டுட்டுத்தான் ஒங்க வீட்டுக்கு வாரேன்” என்று ரயிலிலிருந்து அம்மாவிடம் சொன்னீர்கள். அப்பா அன்று இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டார். நான் கண்ணம்மாளுக்கு ஒரு போன் மட்டும் செய்தேன். “மாமா வர்றாருங்க. ஒரு நாள் முழுக்க ரயில்ல வந்திருப்பாரு.” “சண்டைக்குங்களா கண்ணு?” “ஆமாங்க.” “என்ன புடிக்கும்?” “எண்ணெய்க் கத்திரிக்கா.” வைத்துவிட்டேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். முடிவு இல்லாமல் கடிதம் நிற்கக் கூடாது என்று எழுதுகிறேன். இலை போட்டிருந்தது, கை கழுவத் தண்ணீர் வந்தது, நாலு கேள்வியை மூட்டை இறக்கியதும் கேட்டுக்கொள்ளலாம் என்று நீங்கள் உட்கார்ந்தீர்கள். குழம்பு இரண்டாம் முறை கேட்டு வாங்கினீர்களாம். இன்று மத்தியானம் ஒரு தூக்குச் சட்டியோடு வந்து சேர்ந்து, இப்போது எங்கள் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கிறீர்கள். அப்பா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “என்ன சொல்லிட்டு வந்தீங்க?” என்று கேட்டார். நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை.

“உப்பு சரியா இருந்துச்சு மாப்ள.”

அப்பா எழுந்து காலண்டரை எடுத்தார். கல்யாணம் தை மாதம்.